நீக்கப்பட்ட பாடமும் கேட்கப்படாத வாசகரும்: மும்பையிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

பதிவு சற்றே நீளம். பொறுமையுள்ள நண்பர்கள் படிக்கவும்.

என் மேசைமீது இரு பாடநூல்கள் கிடக்கின்றன. இரண்டும் பன்னிரண்டாம் வகுப்புக்குரிய அரசியல் அறிவியல் நூல்கள். விடுதலைக்குப் பிந்தைய இந்திய அரசியலைப் பற்றியவை. தலைப்பு ஒன்று, அட்டையும் ஏறத்தாழ ஒன்றே. கனம்தான் வேறு. தடித்தது அண்ணன் படித்தது. மெலிந்தது தங்கை படிப்பது. அணுசக்தி நகரில் வசிக்கும் அந்தக் குடும்பத்துப் பெண்ணுக்கு வார இறுதிகளில் வரலாறும் அரசியலும் சொல்லிக்கொடுக்கிறேன். அணுசக்தித் துறை ஊழியர்களுக்கென அமைந்த இந்நகரியத்தின் பள்ளிகள் நடுவண் கல்வி வாரியத்தைச் சார்ந்தவை. ஆகவே தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் நூல்களே இங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடம். அண்ணன் நூலில் 'மக்கள் இயக்கங்களின் எழுச்சி' என்னும் பொருளில் ஓர் இயல் உண்டு. சிப்கோ, தலித் சிறுத்தைகள், உழவர் சங்கம், ஆந்திரப் பெண்களின் சாராய எதிர்ப்பு, நருமதை எல்லாம் அதில் வரும். தங்கை நூலில் அவ்வியல் இல்லை. "அக்கா, அண்ணன் படிச்சுப் பரீட்சை எழுதின பாடம் எனக்கு மட்டும் எப்படி வேண்டாததாச்சு?" என்று கேட்டாள்.

பெருந்தொற்றுக்குப்பின் பாடச்சுமையைக் குறைப்பதாகக் குழுமம் 2022இல் அறிவித்த நீக்கங்களில் ஒன்று இது. 2023–24ஆம் கல்வியாண்டின் அச்சில் நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து முகலாய அரசவைகளைப் பற்றிய இயலும் அவ்வாறே போயிற்று. விடைசொல்ல இவ்வளவு தெரிந்தால் போதும் என நினைத்தேன். போதவில்லை. 'எப்படி' என்று அவள் கேட்டது காரணத்தை மட்டுமன்று, முடிவெடுக்கும் முறையையும்தான். அம்முறையில் பதினேழு வயது வாசகருக்கு எங்கேனும் இடம் இருந்ததா என்பதே இங்கு என் வினா.

நூல் தடையின் வரலாற்றை நாம் பெரும்பாலும் அரசு, ஆசிரியர், பதிப்பாளர் ஆகிய மூவரின் கதையாகவே எழுதி வந்திருக்கிறோம். ஆவணக்காப்பகங்களில் கிடைப்பவையும் அவர்களுடைய தாள்களே: பறிமுதல் ஆணை, மொழிபெயர்ப்பாளர் குறிப்பு, அச்சக உரிமையாளரின் பிணைத்தொகை. வாசகர் அக்கோப்புகளில் 'கெட்டுப்போகக் கூடியவர்' என்னும் ஊகமாக மட்டுமே வருவார். இளம் வாசகராயின் அந்த ஊகமே முழு நியாயமாகிவிடும். எனினும் இதே மும்பையில், நூற்றாண்டுக்கு முன், வாசகரை நடுவில் நிறுத்திய ஒரு நாள் உண்டு.

1910இல் காந்தியின் 'ஹிந்த் ஸ்வராஜ்' குஜராத்தி மூலத்தைப் பம்பாய் அரசு தடைசெய்தது. ரஸ்கினின் நூலைத் தழுவி அவர் எழுதிய 'சர்வோதய'மும் அத்தடைக்குள் அடங்கிற்று. ரௌலட் சட்டத்தை எதிர்த்து 1919 ஏப்ரல் 6 அன்று முழுவேலைநிறுத்தம் நடந்தபோது, எந்தச் சட்டத்தை மீறுவது என்ற கேள்வி எழுந்தது. எளிய மக்களும் மீறக்கூடிய சட்டமாக இருத்தல் வேண்டும். தடைசெய்யப்பட்ட நூல்களை மறுபடி அச்சிட்டு வெளிப்படையாக விற்பது என்று முடிவாயிற்று. அன்று மாலை காந்தியும் சரோஜினி நாயுடுவும் மகிழுந்துகளில் சென்று தெருவில் விற்றனர். விலை நான்கணா. அவ்விலைக்கு வாங்கியவர் அரிது என்றும், கையிலிருந்த ஐந்து ரூபாய், பத்து ரூபாய்த் தாள்களைக் கொடுத்துவிட்டுப் போயினர் என்றும், ஒரு படி ஐம்பது ரூபாய்க்குப் போயிற்று என்றும் காந்தி தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவுசெய்கிறார்.

இந்நிகழ்ச்சியில் என் கவனத்தை ஈர்ப்பது தொகை அன்று. இதை வாங்கினால் நீங்களும் கைதாகலாம் என்று வாங்குவோரிடம் முன்கூட்டியே சொல்லப்பட்டது. விற்றவருக்கு நிகராக வாங்கியவரும் சட்டமீறலில் பங்காளி. வாசிப்பு அங்கே ஒரு பொதுச்செயல் ஆயிற்று. வாசகர் ஒரு தரப்பு ஆனார். அரசு அதைச் சாமர்த்தியமாக எதிர்கொண்டது. விற்கப்பட்டவை புதிய பதிப்பு, தடைசெய்யப்பட்ட அதே படிகள் அல்ல, ஆகவே குற்றம் நிகழவில்லை என்று கூறிவிட்டது. சிறைக்கு ஆயத்தமாகியிருந்தவர்களுக்கு ஏமாற்றம். தடையை விலக்காமலே தடைமீறலைப் பொருளற்றதாக்கும் இந்த உத்தி பின்னரும் வேறு உருவங்களில் வரும்.

விடுதலைக்குப்பின் இருந்த சட்டநிலையைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். 1973ஆம் ஆண்டுக் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 95ஆம் பிரிவின்படி மாநில அரசு காரணங்களைக் குறிப்பிட்டு அறிவிக்கை வெளியிட்டு ஒரு நூலைப் பறிமுதல் செய்யலாம். 96ஆம் பிரிவின்படி அந்நூலில் 'ஏதேனும் ஈடுபாடு உடைய எவரும்' இரு மாதங்களுக்குள் உயர் நீதிமன்றத்தை அணுகலாம்; மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை விசாரிக்கும். 2023இன் புதிய சட்டத்தில் இவை 98, 99 என எண் மாறியுள்ளன. 'ஈடுபாடு உடைய எவரும்' என்ற தொடரைக் கவனியுங்கள். ஆசிரியர், பதிப்பாளர் என்று சட்டம் சுருக்கவில்லை.

அத்தொடரின் வலிமை மராட்டியத்திலேயே வெளிப்பட்டது. ஜேம்ஸ் லெய்ன் சிவாஜியைப் பற்றி எழுதிய நூலை 2003 இறுதியில் பதிப்பகம் தானே திரும்பப் பெற்றது. 2004 சனவரி 5இல் புணேயின் பண்டார்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனம் தாக்கப்பட்டது. அம்மாதமே அரசு நூலைத் தடைசெய்தது. வழக்குத் தொடுத்தவர்கள் யார்? வழக்கறிஞர் சங்கராஜ் ரூபவதே, ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தன், சமூகச் செயற்பாட்டாளர் குந்தா பிரமிளா. மூவரும் நூலை எழுதியவர்கள் அல்லர், அச்சிட்டவர்களும் அல்லர். படிக்க உரிமை வேண்டியவர்கள். 2007 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை நீக்கிற்று. அரசின் மேல்முறையீட்டை 2010 சூலை 9 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இந்திய வாசகர் வரலாற்றில் இது போதிய அளவு பேசப்படாத வெற்றி என்பது என் கருத்து.

வெற்றியின் ஈரம் காய்வதற்குள் மற்றது நிகழ்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், மும்பைப் பல்கலைக்கழகத்தின் இளங்கலை இரண்டாமாண்டு ஆங்கிலப் பாடத்திலிருந்த ரோஹின்டன் மிஸ்திரியின் 'சச் எ லாங் ஜர்னி' புதினத்தை நீக்கவேண்டும் என்று சிவசேனையின் மாணவர் அமைப்பு கோரியது. 1991இல் வெளிவந்து புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற நூல். 1971ஆம் ஆண்டு மும்பையில் ஒரு பார்சி வங்கி ஊழியரின் வாழ்வைச் சொல்வது. அதில் சேனையை இகழும் பேச்சுகள் உண்டு. பல்கலைக்கழக வாயிலில் படிகள் எரிக்கப்பட்டன. கோரிக்கையை முன்னின்று எழுப்பியவர் தூய சவேரியார் கல்லூரியில் வரலாறு பயின்ற இருபது வயது மாணவர் ஆதித்ய தாக்கரே. துணைவேந்தர் ராஜன் வேலூக்கர் தம் அவசர அதிகாரத்தைக் கொண்டு நூலை நீக்கினார். அடுத்த மாதம் விசயதசமி நாளில் தொடங்கப்பட்ட யுவசேனைக்கு அம்மாணவரே தலைவரானார். அவர் படித்த கல்லூரியின் முதல்வர் பாதிரியார் ஃப்ரேசர் மஸ்கரேனஸ் நூலின் பக்கம் நின்று வெளிப்படையாகப் பேசியதை இங்கே குறிப்பிடாமல் போவது நன்றன்று.

இரு நிகழ்வுகளுக்கும் இடையே மூன்று மாதம்கூட இல்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் இரண்டும் வெவ்வேறு உலகங்கள். மிஸ்திரியின் நூல் பறிமுதல் ஆகவில்லை. அறிவிக்கை இல்லை, ஆகவே அதில் எழுதப்படவேண்டிய காரணங்களும் இல்லை, ஆகவே 96ஆம் பிரிவும் இல்லை. 'ஈடுபாடு உடைய எவரும்' போய்த் தட்டுவதற்கு அந்தக் கதவே அமைக்கப்படவில்லை. கடைகளில் நூல் தாராளமாகக் கிடைத்தது, விற்பனைகூட ஏறியிருக்கலாம். இழந்தது யார் என்று கேட்டால், வகுப்பறையில் ஆசிரியரோடும் சக மாணவரோடும் அந்நூலை வரிவரியாக விவாதிக்கும் வாய்ப்பைப் பெற்றிருந்த பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். 1919இன் அரசு, விற்ற படி தடைசெய்யப்பட்ட படி அன்று என்றது. 2010இன் பல்கலைக்கழகம், நீக்கப்பட்டது தடைசெய்யப்பட்டதாகாது என்றது. இரண்டுக்கும் உள்ள ஒப்புமை தற்செயலானதே. ஆயினும் மறக்க முடிவதில்லை.

இளையோர் என்றாலே வாசிப்புரிமையின் பக்கம் நிற்பர் என்று எண்ணுவோர்க்கு இந்நிகழ்ச்சி நல்ல மருந்து. நீக்கக் கோரியவர்களும் மாணவர்களே. பத்தாண்டு கழித்துத் திருநெல்வேலியில் இதே நாடகம், பாத்திரங்கள் மட்டும் மாறி. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் முதுகலை ஆங்கிலப் பாடத்தில் 2017 முதல் இருந்த அருந்ததி ராயின் 'வாக்கிங் வித் தி காம்ரேட்ஸ்' 2020 நவம்பரில், அகில பாரதிய வித்யார்த்தி பரிஷத்தின் புகாரையடுத்து நீக்கப்பட்டது. அவ்விடத்தில் மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகள் வைக்கப்பட்டன. கிருஷ்ணன் அருமையான எழுத்தாளர். அவருடைய நூல் இவ்வாறு ஒரு வெற்றிடத்தை மூடப் பயன்பட்டது அவருக்கும் செய்த நியாயமன்று. எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களிலும் மாணவர் அமைப்புகள் இருந்தன. மும்பையிலும் நெல்லையிலும் வழி ஒன்றே: மாணவர் அமைப்பின் முறையீடு, துணைவேந்தரின் அச்சம், நீக்கம். பாடத்திட்டக் குழு எந்தக் கல்விசார் காரணத்தால் முதலில் அந்நூலைத் தேர்ந்ததோ அக்காரணம் எங்கும் மறுக்கப்படவில்லை.

நம் பக்கமும் தூயது என்று சொல்வதற்கில்லை. 1987இல் மராட்டிய அரசு அம்பேத்கரின் எழுத்துகளின் நான்காம் தொகுதியாக 'இந்துமதத்தின் புதிர்கள்' நூலை வெளியிட்டது. இராமனையும் கிருஷ்ணனையும் பற்றிய பின்னிணைப்பை நீக்கச் சொல்லிச் சிவசேனையும் பிறரும் கிளர்ந்தனர். 1988 சனவரியில் அமராவதியில் நூல் எரிக்கப்பட்டது. அரசு பணியத் தொடங்கிற்று. அடுத்த மாதம் மும்பையில் அம்பேத்கரியர்கள் பெருந்திரளாகப் பேரணி நடத்தினர். பின்னிணைப்பு மீண்டது, அதிலுள்ள கருத்துகளை அரசு ஏற்பதாகக் கொள்ளவேண்டாம் என்னும் குறிப்போடு. ஒரு நூலின் சில பக்கங்களைக் காப்பதற்காக இந்நகரம் கண்ட மக்கள் திரளில் அதற்கு ஈடு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் 2012 மே மாதம் பதினோராம் வகுப்பு அரசியல் நூலில் இருந்த சங்கரின் 1949ஆம் ஆண்டுக் கேலிச்சித்திரம் நாடாளுமன்றத்தில் வெடித்தபோது நாம் எங்கே நின்றோம்? அரசமைப்பு நத்தைமீது அம்பேத்கர், பின்னால் சாட்டையோடு நேரு. அச்சித்திரம் தலித் மக்களை ஏன் புண்படுத்தியது என்பதை உணர்வது கடினமன்று. அவ்வுணர்வை எள்ளி எழுதியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எனினும் வழக்கம்போல அன்றும் சித்திரத்தை நீக்குவதே விடையாயிற்று. நூலின் தலைமை ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்சிக்கரும் பதவி விலகினர். புணேயில் பல்சிக்கரின் அலுவலகம் தாக்கப்பட்டது. அடுத்த மாதமே இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றிய ஆர்.கே. லட்சுமணின் சித்திரத்தை நீக்கச் சொல்லித் தமிழகத்திலிருந்து குரல் எழுந்தது. தோரட் குழு பல சித்திரங்களை நீக்கப் பரிந்துரைத்தது. அக்குழுவில் மாறுபட்ட குறிப்பை எழுதியவர், திராவிட இயக்கத்தின் வரலாற்றாசிரியர்களுள் முதன்மையானவரான எம்.எஸ்.எஸ். பாண்டியன். தம் அரசியல் சார்புக்கு எளிதாகத் தோன்றியிருக்கக்கூடிய முடிவை விட்டு அவர் விலகி நின்றார். 2014இல் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகளில் இக்குறிப்பைப் பற்றி இன்னும் அதிகம் பேசியிருக்கலாம்.

அந்த விவாதம் முழுவதிலும் பதினாறு வயது மாணவர் எத்தனை முறை பெயர்சொல்லி அழைக்கப்பட்டார்! அவர் தவறாகப் புரிந்துகொள்வார், அவர் மனம் நஞ்சாகும், அவருக்கு முதிர்ச்சி போதாது. அவரையே அழைத்து, 'நீ இச்சித்திரத்தை எப்படிப் படித்தாய்?' என்று கேட்கவேண்டும் என்பது மட்டும் பேச்சில் எழவேயில்லை. 2006 முதல் ஆறாண்டுகள் நாடெங்கும் பிள்ளைகள் அந்நூலைப் படித்துத் தேர்வெழுதியிருந்தனர். சான்று கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. 2023 சூனில் பல்சிக்கரும் யாதவும் தாங்கள் அடையாளம் காண முடியாதபடி வெட்டப்பட்ட நூல்களில் தங்கள் பெயர் இருக்கவேண்டாம் என்று குழுமத்துக்கு எழுதினர். அவர்களைத் தொடர்ந்து வேறு 33 அறிஞர்களும் எழுதினர். ஆசிரியர் தம் பெயரை நூலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மாணவர் எதை எடுத்துக்கொள்வது?

மாணவர் வழக்காடிய நாடும் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி மாவட்டத்தில், 1976இல், கல்விக் குழு உறுப்பினர்கள் ஒரு பெற்றோர் அமைப்பிடம் பெற்ற பட்டியலைக் கொண்டு பள்ளி நூலகத்திலிருந்து நூல்களை அகற்றினர். கர்ட் வானகட், ரிச்சர்ட் ரைட், பெர்னார்ட் மலமூட் ஆகியோரின் நூல்களும், லாங்ஸ்டன் ஹியூஸ் தொகுத்த கறுப்பின எழுத்தாளர் சிறுகதைகளும் அவற்றுள் அடக்கம். ஸ்டீவன் பிகோ என்னும் பதினேழு வயது மாணவரும் வேறு நால்வரும் 1977இல் வழக்குத் தொடுத்தனர். நால்வரில் ஒருவர் இடைநிலைப் பள்ளிச் சிறுவர். 1982இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ந்தது, நூல்கள் மீண்டன. நூலில் உள்ள கருத்து பிடிக்கவில்லை என்பதற்காகவே அதை அகற்றுவது ஆகாது என்பது நீதிபதி பிரென்னன் எழுதிய கருத்துரையின் சாரம். 2021இல் பென்சில்வேனியாவின் யார்க் நகரில், சென்ட்ரல் யார்க் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் கறுப்புடை அணிந்து காலைதோறும் பள்ளிக்கு முன் நின்றனர். இனவெறி எதிர்ப்புக்கான மாணவர் சங்கம் ஒன்று அவர்களைத் திரட்டியது. செப்டம்பரில் கல்விக் குழு தன் தடையைத் திரும்பப் பெற்றது.

எனினும் அமெரிக்க எடுத்துக்காட்டை அப்படியே நட்டுவிட முடியாது. பிரென்னன் தம் கருத்துரையைக் கவனமாக நூலகத்தோடு நிறுத்திக்கொண்டார். கட்டாயப் பாடநூலைத் தொடவில்லை. அதற்கு நியாயம் உண்டு. நூலகத்தில் நூல் காத்திருக்கும், வேண்டியவர் எடுப்பர். பாடத்திட்டமோ தேர்வு, ஒன்றைச் சேர்த்தால் நூற்றை விடத்தான் வேண்டும். விடப்பட்ட ஒவ்வொன்றும் தடை என்று சொன்னால் கல்வியே நடவாது. 'மாதொருபாகன்' வழக்கில் 2016 சூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், படிப்பதா விடுவதா என்னும் தெரிவு வாசகருடையது என்று கூறியது நம்மை மகிழ்வித்தது. ஆனால் அந்த வாசகர் கடையில் நூல் வாங்கும் வளர்ந்தவர். பாடநூலின் வாசகருக்கு அத்தெரிவு தொடக்கத்திலேயே இல்லை. அதனாலேயே, அவருக்காகத் தேர்பவர்கள் சேர்க்கும்போது சொன்ன காரணத்துக்கு நிகரான காரணத்தை நீக்கும்போதும் சொல்லியாக வேண்டும் என்பேன். குழுவைக் கூட்டி, காரணத்தை எழுதி, படித்தவர்களையும் படிப்பவர்களையும் கேட்டு நீக்கினால் அது கல்விசார் முடிவு. வாயிலில் எரிந்த தாளைப் பார்த்து நீக்கினால் அதற்கு வேறு பெயர்.

பிள்ளைகளைக் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பார்க்கு அணுசக்தி நகரின் மதிலுக்கு அருகே நடந்த ஒன்றை நினைவூட்டலாம். அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டி அக்காலத்தில் ஜனதா காலனி என்னும் பெருங்குடியிருப்பு இருந்தது, தமிழர் நிறைந்தது. கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம் 1963இல் மும்பை வந்தபோது இருபது வயது நிரம்பாதவர். அவர் முதலில் சேர்த்தது பெரியவர்களை அல்ல, காலனிப் பிள்ளைகளை. பாட்டுக் குழுவாக, பிறகு பள்ளியாக. குப்பை அள்ள வராத மாநகராட்சியின் அலுவலக வாயிலில் ஆளுக்கொரு பொட்டலம் குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டவர்கள் அப்பிள்ளைகளே. 1976இல், நெருக்கடி நிலையின்போது, காலனி பெயர்க்கப்பட்டு மக்கள் சீத்தா முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அற்புதம் பின்னாளில் மகசேசே விருது பெற்றார். 'மக்கள் இயக்கங்களின் எழுச்சி' இயலில் அவர் பெயர் இல்லை. ஆனால் அவ்வியலைப் படிக்கும் அணுசக்தி நகர்ப் பிள்ளைக்கு ஆசிரியர் சன்னலைத் திறந்து காட்டியிருக்கலாம்: இதோ, இங்கேயும் ஒன்று நடந்தது என்று. இயலே போனபின் காட்டுவதற்குச் சன்னல் இல்லை.

மாணவிக்கு நான் இவ்வளவையும் சொல்லவில்லை, பாதி சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறன்று அவளோடு வகுப்புத் தோழிகள் மூவர் வந்தனர். அண்ணன் நூலிலிருந்து அந்த இயலை ஜெராக்ஸ் கடையில் நான்கு படிகள் எடுத்திருந்தார்கள். தேர்வுக்கு வராத பாடத்தை ஏன் படிக்கிறீர்கள் என்று வீட்டார் கேட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். தலித் சிறுத்தைகள் 1972இல் இதே நகரத்து இளைஞர்கள் தொடங்கிய அமைப்பு என்ற செய்தியில் நெடுநேரம் நின்றார்கள். ஒருத்தி, இதில் நம் ஊர் இருக்கிறதே என்றாள். அடுத்து முகலாய அரசவை இயலையும் படி எடுக்கப்போகிறார்களாம். அதற்கு வரலாற்று நூலின் பழைய பதிப்பு வேண்டும். 2022க்கு முந்தைய படி யாரிடமேனும் இருந்தால், செம்பூர்–தேவனார் பக்கம் என்றால் நானே வந்து பெற்றுக்கொள்கிறேன்.

இன்னொரு வேண்டுகோள், இது என் ஆய்வுக்கானது. 2010ஆம் ஆண்டு மும்பைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் இரண்டாமாண்டு ஆங்கில இலக்கியம் பயின்றவர்கள் இப்பதிவைக் காண நேர்ந்தால் எனக்கு எழுதுங்கள். அந்தப் பருவத்தில் வகுப்பில் என்ன நடந்தது, ஆசிரியர் என்ன சொன்னார், நூலை நீங்கள் பாதியில் மூடினீர்களா, முடித்தீர்களா என்பதை அறிய விரும்புகிறேன். துணைவேந்தரின் முடிவும் கட்சிகளின் அறிக்கைகளும் நாளிதழ்களில் கிடைக்கின்றன. உங்கள் தரப்பு எந்தக் கோப்பிலும் இல்லை.